மனசு சரியில்லாத நாளுக்கு, ஒரு ஆளுக்கான மிளகு ரசம்

காதல் முறிந்த முதல் வாரம் எனக்குப் பசியே எடுக்கவில்லை. பகலில் டீயும் பன்னும். ராத்திரி ஆர்டர் போட்ட பரோட்டாவில் பாதி, மீதி குப்பைக்கு. ஊரிலிருந்து அம்மா "சாப்ட்டியா?" என்று கேட்டால் "ஆச்சும்மா" என்பேன். ஒன்பதாம் நாள் வயிறு எரிய ஆரம்பித்த பிறகுதான் அடுப்புப் பக்கம் போனேன்.

இந்த நேரத்தில் பிரியாணியில் எல்லாம் இறங்காதீர்கள். அந்த ஆளுக்குப் பிடிக்கும் என்று கற்றுக்கொண்ட எதுவும் வேண்டவே வேண்டாம். மிளகு ரசமும் குழைந்த சாதமும் போதும். பருப்பு வேகவைக்கும் வேலையில்லை, ரசப்பொடியும் தேவையில்லை. இதைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணமும் உண்டு, ஐந்தாம் படியில் சொல்கிறேன்.

தேவையானவை: அரிசி அரை டம்ளர், நெல்லிக்காய் அளவு புளி, பழுத்த தக்காளி 1, மிளகு 1 டீஸ்பூன், சீரகம் 1 டீஸ்பூன், பூண்டு 4 பல், மஞ்சள்தூள், பெருங்காயம், உப்பு, கறிவேப்பிலை, கொத்தமல்லி, தொட்டுக்கொள்ள அப்பளம். தாளிக்க நெய் 1 டீஸ்பூன், கடுகு அரை டீஸ்பூன், காய்ந்த மிளகாய் 1. டம்ளர் என்றால் இங்கே 200 மில்லி.

1. அரிசியைக் கழுவி, ஒன்றரை டம்ளர் தண்ணீர் விட்டு, குக்கரில் 5 விசில். குழையத்தான் வேண்டும். மெல்லவே அலுப்பாக இருக்கும் நாளில் உதிரி உதிரியான சாதம் தொண்டையில் இறங்காது.

2. புளியை ஒரு டம்ளர் வெந்நீரில் 10 நிமிடம் ஊறவைத்துக் கரைத்து வடிகட்டுங்கள். அதிலேயே தக்காளியைப் போட்டுக் கையால் பிசையுங்கள்.

3. மிளகையும் சீரகத்தையும் சின்ன உரலில் இடியுங்கள். மிளகு நாலாக உடைந்தால் போதும். கடைசியில் பூண்டைத் தோலோடு போட்டு இரண்டு தட்டு. மிக்ஸியில் மாவாக அரைத்தால் ரசம் கலங்கிப்போகும். உரல் இல்லையா? துணியில் முடிந்து சப்பாத்திக் கட்டையால் நசுக்குங்கள். யார் மேலோ இருக்கும் கோபமும் கொஞ்சம் இதில் இறங்கும், தடுக்க வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டாத வரை சரி.

4. புளித் தண்ணீரில் மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை, முக்கால் டீஸ்பூன் உப்பு சேர்த்து மிதமான தீயில் கொதிக்க விடுங்கள். பச்சை வாசனை போக ஏழெட்டு நிமிடம் ஆகும்.

5. இப்போது போனை வேறு அறையில் வைத்துவிட்டு வாருங்கள். இடித்ததைப் போட்டு, இன்னொரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, தீயைக் குறையுங்கள். இனி நகரக் கூடாது. முதலில் ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழ். அப்புறம் மஞ்சளாக ஒரு நுரை வளையம் கட்டி, மெதுவாக நடுவை நோக்கி நகரும். நுரை நடுவில் ஒன்றுகூடி மேலே எழும்பும் அந்த நொடியில் அடுப்பை அணைத்துவிட வேண்டும். கொதிக்க விட்டால் மிளகு, சீரகத்தின் வாசனையெல்லாம் ஆவியோடு போய்விடும், கசப்பு மட்டும் தங்கும். முதல் தடவை நான் பழைய மெசேஜ்களைப் புரட்டிக்கொண்டு நின்றேன். ரசம் பொங்கி அடுப்பை அணைத்தது, பாத்திரத்தில் மிஞ்சியது கஷாயம். இரண்டாம் தடவை நுரையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நாலு நிமிடம் வேறு எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை என்பது, இறக்கி வைத்த பிறகுதான் உறைத்தது.

6. நெய்யில் கடுகு வெடித்ததும் மிளகாய், கறிவேப்பிலை, ஒரு சிட்டிகை பெருங்காயம். ரசத்தில் கொட்டி, கொத்தமல்லி தூவி, உடனே மூடுங்கள். 5 நிமிடம் திறக்காதீர்கள்.

7. அப்பளத்தை எண்ணெயில் பொரிக்க வேண்டாம். நேராகத் தீயில் காட்டி, இடுக்கியால் திருப்பித் திருப்பிச் சுட்டால் போதும்.

சாதத்தைக் கையால் மசித்து, ரசத்தைத் தாராளமாக ஊற்றிப் பிசைந்து சாப்பிடுங்கள். மீதி ரசத்தை டம்ளரில் ஊற்றிக் குடித்துவிடலாம். நான் பழக்கதோஷத்தில் அப்பளம் இரண்டு சுட்டுவிட்டேன். இரண்டையும் நானே தின்றேன்.