தூக்கத்தில் கண்ணைத் தேய்க்காமல் இருக்க நான் செய்தது

கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த முதல் இரவே விழித்துப் பார்த்தால், என் கை கண் மேல் இருந்தது. கண்ணுக்குப் பாதுகாப்பாக மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் மூடி தலையணையில் கிடந்தது. பயந்தே போய்விட்டேன். கருவிழி ஓரத்தில் போடும் வெட்டு 2 முதல் 3 மில்லிமீட்டர்தான். பெரும்பாலும் தையல் கிடையாது, தானாகவே ஒட்டிக்கொள்ளும். ஆனால் அது ஆறும்வரை அழுத்தினாலோ தேய்த்தாலோ திறந்துகொள்ளலாம், கிருமியும் உள்ளே போகலாம்.

காலையில் மருத்துவரிடம் காட்டினேன். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை.

மூடி கழன்றதற்குக் காரணம் முகத்தில் இருந்த எண்ணெய்ப் பசை. அப்புறம் நெற்றியையும் கன்னத்தையும் ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, நெற்றியிலிருந்து கன்னம்வரை சாய்வாக இரண்டு டேப் ஒட்டினேன். மூடியின் விளிம்பு எலும்பில் உட்கார வேண்டும், கண்ணில் படக்கூடாது. அதன்பிறகு ஒரு இரவுகூட நகரவில்லை. சிகிச்சை செய்த கண் கீழே படாதபடி மறுபக்கம் சாய்ந்து படுத்தேன்.

பகலில் மணல் விழுந்தது போன்ற உறுத்தல். மருத்துவரைக் கேட்டு, கண்ணை ஈரமாக வைக்கும் சொட்டு மருந்து சேர்த்தபிறகு அது பாதியாகக் குறைந்தது. இரண்டு மருந்துகளுக்கு நடுவே 5 நிமிடம் விட்டேன். இல்லாவிட்டால் முதல் சொட்டு கழுவிப் போய்விடும்.

உறுத்தல் நாளுக்கு நாள் குறைய வேண்டும். வலியோ சிவப்போ கூடினால், பார்வை மங்கினால், தயவுசெய்து அன்றே மருத்துவரைப் பாருங்கள்.