கடை வாசலில் தொட்டி வைக்கிறவர்களே, அடியில் ஜல்லி போடாதீர்கள்

குளிர் விலகி வெயில் ஏற ஆரம்பித்தால் போதும், எங்கள் நூல் பட்டன் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வாசலில் இருக்கும் தொட்டிகள் பக்கம் நின்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள். "நாங்களும் வெச்சோம், வரவே மாட்டேங்குது" என்று ஆரம்பித்து அவர்கள் என்ன செய்தார்கள் என்று சொல்லச் சொல்ல எனக்கு மனசு கேட்பதில்லை. நான் ஆரம்பத்தில் செய்த அதே காரியங்களை அதே நம்பிக்கையோடு செய்கிறார்கள். தண்ணீர் ஊற்ற மறக்காதீர்கள், வெயில் படுகிற இடமாகப் பாருங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். ஷட்டர் தூக்குவதற்கு முன்பும் கூட்டம் ஓய்ந்த பிறகும் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் செடி வளர்க்கிறவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

தொட்டி அடியில் ஜல்லி

இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் தீர்வதில்லை. தொட்டி வாங்கியதும் முதல் வேலையாக அடியில் ஒரு அடுக்கு ஜல்லியோ கூழாங்கல்லோ உடைந்த ஓடோ போட்டு, அதன் மேல் மண்ணைக் கொட்டுகிறார்கள். கேட்டால், "தண்ணி நல்லா வடியணும்ல" என்கிறார்கள். நடப்பது அதற்கு நேர் எதிர். வேர் இருக்கிற இடத்தில் ஈரம் இன்னும் அதிகமாகத் தங்குகிறது.

கடைக்கு வாடிக்கையாக வருகிற ஒரு அக்கா மிளகாய்ச் செடி வாடுகிறது என்று ஒரு தொட்டியைத் தூக்கிக்கொண்டே வந்துவிட்டார். இலை தொங்குகிறது, மேல்மண்ணைத் தொட்டால் காய்ந்திருக்கிறது, அதனால் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். வாசலில் ஒரு சாக்கை விரித்துத் தொட்டியைக் கவிழ்த்தோம். மேலே மூன்று விரற்கடை காய்ந்த மண், அதற்குக் கீழே போகப் போக ஈரம், கடைசியில் கறுத்துப்போன சேறு, மூக்கைப் பொத்துகிற நாற்றம். ஒரு வேரைப் பிடித்து லேசாக இழுத்தேன், மேல்தோல் உறை மாதிரி கையோடு வந்துவிட்டது, உள்ளே தையல் நூல் கணக்காக ஒரு நரம்பு மட்டும் மிச்சம். அதற்கெல்லாம் அடியில் கிடந்த ஜல்லி சுத்தமாக இருந்தது. ஒரு பருவத்துக்காக வாங்கிய நாற்று, உரம், அத்தனை நாள் உழைப்பு எல்லாம் போச்சு. அவர் வீட்டில் மற்ற தொட்டிகளும் இப்படித்தான் நிரப்பப்பட்டிருந்தன.

ஏன் இப்படி ஆகிறது? மண்ணில் இருக்கிற சின்னச் சின்ன இடுக்குகள் தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. ஜல்லிக்கு நடுவே இருப்பவை பெரிய ஓட்டைகள், அவற்றுக்கு அந்த இழுப்பு கிடையாது. மேலிருந்து இறங்கி வரும் தண்ணீர் மண்ணின் கடைசி விளிம்புக்கு வந்ததும் அங்கேயே நிற்கிறது. அந்த இடம் முழுக்க நிரம்பிக் கனத்த பிறகுதான் ஜல்லிக்குள் சொட்டுகிறது. ஜல்லி இல்லாத தொட்டியிலும் அடியில் இப்படி ஓர் ஈரப்பட்டை இருக்கத்தான் செய்யும். ஆனால் அந்தப் பட்டையின் உயரம் மண் கலவையைப் பொறுத்தது, தொட்டி எவ்வளவு உயரம் என்பதைப் பொறுத்தது அல்ல. கணக்குப் போட்டுப் பாருங்கள்: தொட்டியில் 30 செ.மீ. கலவை இருக்கிறது, அடியில் 5 செ.மீ. ஈரப்பட்டை என்று வைத்துக்கொண்டால் வேருக்குக் காற்றோட்டமான 25 செ.மீ. கிடைக்கிறது. அதே தொட்டியில் 8 செ.மீ. ஜல்லி போட்டால் கலவைக்கு மிச்சம் 22, அதிலும் அந்த 5 செ.மீ. ஈரப்பட்டை ஜல்லிக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொள்ளும், வேருக்கு 17தான். காசு கொடுத்து ஜல்லி வாங்கி, சுமந்து வந்து, செடியின் இடத்தைப் பறித்ததுதான் மிச்சம்.

நம்பாதவர்களுக்கு நான் செய்து காட்டுவது இது. பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச் புதிதாக ஒன்றை எடுத்து, தண்ணீரில் நன்றாக ஊறவிட்டு, அகலப் பக்கம் கீழே இருக்கும்படி படுக்கைவாட்டில் பிடியுங்கள். கொஞ்ச நேரம் சொட்டும், அப்புறம் நின்றுவிடும். இப்போது அதைப் பிழியாமல் நீளவாட்டில் செங்குத்தாக நிமிர்த்துங்கள். மறுபடியும் சொட்ட ஆரம்பிக்கும். அதே ஸ்பாஞ்ச், அதே தண்ணீர், உயரம் மட்டும்தான் கூடியிருக்கிறது. கலவை எவ்வளவு உயரமாக நிற்கிறதோ அவ்வளவுக்கு மேல்பகுதி வடியும். ஜல்லி போடுவது அந்த உயரத்தைக் குறைக்கிற வேலை.

"ஊத்தினா கீழ ஓட்டை வழியா வருதே" என்று கேட்பார்கள். வரும். வெளியே வருவதைப் பார்த்து என்ன பயன், உள்ளே நிற்பதுதான் வேரை அழுகவைக்கிறது. வேருக்கும் ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜன் காற்றில் பரவுகிற வேகத்தில் கிட்டத்தட்ட 10,000-ல் ஒரு பங்கு வேகத்தில்தான் தண்ணீருக்குள் பரவும். இடுக்கெல்லாம் தண்ணீர் நிரம்பிவிட்டால் வேர் மூச்சுமுட்டிச் சாகிறது. வேர் செத்தால் தண்ணீரை உறிஞ்ச ஆள் இல்லை, அதனால் இலை வாடுகிறது, நாம் தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றுகிறோம். வாடிய செடியைப் பார்த்தால் பூவாளியைத் தூக்குவதற்கு முன் விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரமாக இருந்தால் தண்ணீரைத் தொடவே தொடாதீர்கள்.

சரி, ஓட்டை வழியே மண் கொட்டிவிடாமல் இருக்க என்ன செய்வது? ஒரு துண்டு வலைத்துணி போதும். எங்கள் கடையில் வெட்டிக் கழித்த நைலான் நெட் துணி எப்போதும் கிடக்கும், அதில் உள்ளங்கை அகலம் கத்தரித்து ஓட்டை மேல் போட்டு நேராகக் கலவையை நிரப்பிவிடுவேன். வடிகால் நன்றாக வேண்டுமென்றால் மெனக்கெட வேண்டியது கலவையில். வெறும் தோட்டத்து மண்ணைத் தொட்டியில் போட்டால் சில வாரத்தில் இறுகிவிடும். மண், உப்பு போகக் கழுவிய தென்னை நார்த்தூள், மக்கிய உரம் மூன்றையும் சம அளவில் கலந்தால் ஆரம்பத்துக்கு நல்ல கலவை. இன்னும் இறுக்கமாகத் தெரிந்தால் பருமணலோ பெர்லைட்டோ (பொரித்த பாறைக் குருணை, வெள்ளையாக லேசாக இருக்கும்) சேர்த்து முழுக்கக் கலந்துவிடுங்கள், அடுக்காகப் போடக்கூடாது. தொட்டியை ஓட்டுத் துண்டுகள் மேல் தூக்கி வைத்தால் ஓட்டை அடைபடாது. உடைந்த ஓடு உபயோகப்படுவது அங்கேதான். காற்றில் தொட்டி சாய்கிறது என்பதற்காகக் கல் போடுகிறீர்கள் என்றால் கனமான மண்தொட்டி வாங்குங்கள்.

ஏற்கெனவே ஜல்லி போட்டுவிட்டீர்களா? செடி நன்றாக இருக்கும்போதே ஒரு மாலை நேரம் பார்த்து மாற்றிவிடுங்கள். வெயில் உச்சத்துக்குப் போன பிறகு மாற்றினால் செடி தாங்குவது கஷ்டம்.

நாற்றை ஒரே நாளில் வெயிலில் வைப்பது

ஜன்னல் ஓரத்தில் வளர்ந்த நாற்றை விடுமுறை நாளில் மொத்தமாக வெளியே தூக்கி வைத்துவிட்டு, மாலையில் பார்த்தால் இலையில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு, தொட்டால் காகிதம் மாதிரி நொறுங்கும். அது நோய் இல்லை, வெயில் சுட்டது. கண்ணாடிக்குப் பின்னால் பழகிய இலைக்கு நேர் வெயிலும் காற்றும் புதுசு. முதல் நாள் நிழலில் ஒன்றிரண்டு மணி நேரம், அப்புறம் இளவெயில், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி 7 முதல் 10 நாளில் முழு வெயிலுக்குக் கொண்டுவாருங்கள். கடைக்காரர்களுக்கு இது சுலபம்தான், கடை திறக்கும்போது தட்டோடு வெளியே, வெயில் ஏறியதும் உள்ளே. இரவில் 10 டிகிரிக்குக் கீழே குளிர் இறங்குகிற நாட்களில் தக்காளி, மிளகாய் நாற்றை வெளியே தங்கவிடாதீர்கள்.

கல்லாப்பெட்டி பக்கத்தில் காய்கறிச் செடி

வேண்டாம். விளக்கு போட்ட கடைக்குள் இருப்பது சில நூறு லக்ஸ் வெளிச்சம், வெளியே உச்சி வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். நம் கண் வெளிச்சத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொண்டு இரண்டையும் கிட்டத்தட்ட ஒன்றுபோலக் காட்டிவிடுகிறது, செடி ஏமாறாது.

புதினாவை மற்றதோடு நடுவது

தனித் தொட்டி. எப்போதும்.

பெயர் எழுதாமல் விதைப்பது

பென்சிலால் எழுதி நடுங்கள். பேனா மை வெயிலில் வெளுத்துவிடும்.

சோர்ந்த செடிக்கு உரம்

இலை மஞ்சளானதும் எல்லோரும் ஓடுவது உரப் பொட்டலத்துக்குத்தான். வேர் கெட்டுப்போன செடிக்கு உரம் இன்னொரு சுமை. முதலில் ஈரம், வேர், வெளிச்சம் மூன்றையும் பாருங்கள். நன்றாக இருக்கிற செடிக்குக்கூட நைட்ரஜனை அள்ளிக் கொடுத்தால் இலை தளதளவென்று வரும், பூ வராது, அந்த இளந்தளிருக்கு அசுவினி என்கிற சாறு உறிஞ்சும் பூச்சி முதலில் வந்து சேரும்.

கிள்ளத் தயங்குவது

வளர்த்த செடியைக் கிள்ள மனசு வராது, புரிகிறது. ஆனால் திருநீற்றுப்பச்சையை நுனி கிள்ளாமல் விட்டால் ஒற்றைக் குச்சியாக உயர்ந்து, பூத்து, இலை சிறுத்துவிடும். ஓர் இலை ஜோடிக்குச் சற்று மேலே கிள்ளினால் அந்த ஜோடியின் இரு இலை இடுக்குகளிலிருந்தும் இரண்டு கிளை வரும். கிள்ளியதை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், குளிரில் இலை கறுத்துவிடும். ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்திக் கல்லாப்பெட்டி பக்கத்தில் வையுங்கள். கடைக்குள் நுழைகிறவர்கள் மூச்சை இழுத்துக்கொண்டு "என்ன வாசனை?" என்று கேட்பார்கள், அந்தக் கேள்விக்காகவே நான் வைக்கிறேன்.

பூ ஜாடி

உச்சி வெயிலில் பூவைப் பறிக்காதீர்கள், விடியற்காலையில் பறித்தால் காம்பில் நீர் நிறைந்திருக்கும். தண்ணீருக்குள் மூழ்குகிற இலை எல்லாவற்றையும் உருவிவிடுங்கள், அவை அழுகினால் தண்ணீரில் பாக்டீரியா பெருகிக் காம்பை அடைத்துவிடும். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றும்போது காம்பின் நுனியையும் கொஞ்சம் வெட்டுங்கள். பழக்கூடை பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். பழுக்கிற பழம் விடுகிற எத்திலீன் வாயு பூவைச் சீக்கிரம் உதிர்த்துவிடும்.

இலையை வெயிலில் காயவைப்பது

மீந்த புதினாவையும் திருநீற்றுப்பச்சையையும் நேர் வெயிலில் போட்டால் நிறமும் வாசனையும் சேர்ந்து போய்விடும். சின்னச் சின்னக் கட்டாக, தலைகீழாக, நிழலில், காற்று ஓடுகிற இடத்தில் தொங்கவிடுங்கள். பெரிய கட்டாகக் கட்டினால் நடுவில் பூஞ்சை பிடிக்கும். கசக்கினால் சரசரவென்று உடைய வேண்டும், அதுதான் பதம். மிச்சத் துணியில் சின்னப் பை தைத்து, கொஞ்சம் போட்டுத் துணி அலமாரியில் வைத்தால் திறக்கும்போதெல்லாம் மணக்கும். மீதியைக் கண்ணாடி பாட்டிலில் அடைத்து மறுநாள் பாருங்கள். உள்பக்கம் ஈரம் பூத்திருந்தால் உடனே வெளியே கொட்டி, இன்னும் இரண்டு மூன்று நாள் உலர்த்திய பிறகு மூடுங்கள்.