வெளுத்த ஜன்னல் திரைக்கு வீட்டிலேயே சாயம் ஏற்றுவது எப்படி?

சாயம் வாங்கக் கிளம்பும் முன் துணி என்னவென்று பார்த்துவிடுங்கள். தையல் மடிப்பின் உள்பக்கத்திலிருந்து துணியின் இழை ஒன்றை (தையல் நூலை அல்ல) உருவி நெருப்பில் காட்டுங்கள். காகிதம் எரிகிற வாசனை வந்து, தொட்டால் உதிரும் சாம்பலானால் பருத்தி. உருகிச் சுருண்டு கறுப்பு மணியாகக் கெட்டிப்பட்டால் பாலியஸ்டர். அதில் இங்கே சொல்லப்போகும் சாயம் பிடிக்காது. இரண்டும் கலந்த துணியில் நிறம் மங்கலாகத்தான் ஏறும். பருத்தித் திரையிலும் தையல் நூல் பெரும்பாலும் பாலியஸ்டர்தான். அது பழைய நிறத்திலேயே கோடாகத் தெரியும். அதைப் பொறுத்துக்கொள்ள முடியாதவர்கள் வெளிர் நிறம் எடுப்பது நல்லது.

சாயக்கடையில் ‘கோல்டு (cold) பிராண்ட் ரியாக்டிவ்’ என்று கேளுங்கள். கொதிக்க வைக்கத் தேவையில்லாத வகை இது. சாயம் பழைய நிறத்தை மறைக்காது, அதன் மேல் கலக்கும். மஞ்சள் திரையில் நீலம் ஏற்றினால் பச்சைதான் கிடைக்கும்.

அரைக் கிலோ துணிக்கு (காய்ந்த எடை) அளவு: தண்ணீர் 10 லிட்டர், சாயம் 15 கிராம், கல்லுப்பு 500 கிராம், சோடா ஆஷ் (நீரில்லாத சலவைச் சோடாப் பொடி) 200 கிராம். வெளிர் நிறத்துக்குச் சாயம் 5 கிராம் போதும். சோடா ஆஷ் இல்லாமல் படிகச் சலவைச் சோடாதான் கிடைத்தால் 540 கிராம் போடுங்கள். அதன் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர். ஆப்பச் சோடா உதவாது, காரம் போதாது.

முதல் வேலை, திரையைச் சோப்பும் ஒரு ஸ்பூன் சலவைச் சோடாவும் போட்ட சூடான நீரில் அரை மணி ஊறவைத்து அலசுவது. கஞ்சியோ எண்ணெய்க் கறையோ மிச்சமிருந்தால் அங்கே திட்டுத் திட்டாகத் தெரியும். பிழிந்து ஈரமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

சாயப் பொடி காற்றில் பறந்தால் மூச்சுக்குக் கெடுதல். முகக்கவசமும் ரப்பர் கையுறையும் போட்டுக்கொண்டு, ஈரச் செய்தித்தாள் விரித்து அதன் மேல் வைத்து அளவெடுங்கள். சமையல் பாத்திரம் வேண்டாம், அலுமினியம் கூடவே கூடாது. பிளாஸ்டிக் வாளி போதும். பொடியைக் கொஞ்சம் வெதுவெதுப்பான நீரில் கட்டியில்லாமல் குழைத்து, உப்பு கரைத்த வாளி நீரில் சேருங்கள். போர் தண்ணீர் சோப்பு நுரைக்காத கடின நீராக இருந்தால் நிறம் மங்கும். மழைநீரோ ஆர்.ஓ. நீரோ நல்லது.

திரையைப் போட்டு அரை மணி நேரம் கைவிடாமல் புரட்டுங்கள். பாதிப் பேர் கோட்டைவிடுவது இங்கேதான். ஒரு மடிப்பு ஐந்து நிமிடம் அசையாமல் கிடந்தாலே அந்த இடம் தனியாகத் தெரியும். உப்பு சாயத்தைத் துணிக்குள் தள்ளுகிறது. அதைக் கெட்டியாகப் பிடித்து வைப்பது சோடா. அதனால்தான் சோடாவை முதலிலேயே போடக்கூடாது. போட்டால் சாயம் பரவுமுன் பட்ட இடத்திலேயே ஒட்டிவிடும்.

சோடாவை ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் கரைத்து, திரையை ஓரமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு பங்காக மூன்று முறை ஊற்றுங்கள். பிறகு ஒரு மணி நேரம் அவ்வப்போது புரட்டினால் போதும். சோடா சேர்ந்த சாயநீரை அடுத்த நாளைக்கு எடுத்து வைக்க முடியாது. சில மணி நேரத்தில் அதன் பிடிப்பு போய்விடும்.

குளிர்ந்த நீரில் நான்கைந்து முறை அலசிவிட்டு, கொதிக்கும் நீரில் கொஞ்சம் சோப்புப் போட்டுப் பத்து நிமிடம் வையுங்கள். நீர் கலங்கினால் இன்னொரு முறை. ஒட்டாமல் தங்கிய சாயம் இதில்தான் வெளியேறும். இதைத் தவிர்த்துவிட்டு, ‘சாயம் போகுது’ என்று கடைக்காரரைக் குறை சொல்லாதீர்கள். நிழலில் உலர்த்துங்கள். ஈரத்தில் தெரிவதைவிடக் காய்ந்த பின் நிறம் வெளுத்துத் தெரியும்.

குஷன் உறையில் கோலம் வேண்டுமென்றால், மதுரைச் சுங்குடிபோலத் துணியைக் கிள்ளி நூலால் இறுகக் கட்டிவிட்டுச் சாயத்தில் போடலாம். கட்டு தளர்ந்தால் புள்ளிக்குள் நிறம் கசியும். முதல் இரண்டு மூன்று சலவைக்கு எதையும் வெள்ளைத் துணியோடு சேர்க்க வேண்டாம்.