பாஸ்போர்ட் தபாலில், லைசென்ஸ் காகிதத்தில்

அமெரிக்காவுக்குப் புதிதாக வந்து முதல் உள்நாட்டு விமானத்தில் ஏறப் போகிறீர்களா? டிக்கெட் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

விதிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2025 மே 7 முதல் ரியல் ஐடி விதி அமலில் இருக்கிறது: மத்திய அரசின் தரத்துக்கு ஏற்ற மாநில லைசென்ஸ், இல்லையென்றால் அதற்கு ஈடான வேறு அட்டை வேண்டும். 18 வயது ஆனவர்கள் பாதுகாப்புச் சோதனையில், அதை நடத்தும் அரசுத் துறையான டிஎஸ்ஏ ஏற்கும் அட்டை ஒன்றைக் காட்ட வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் செல்லும், கிரீன் கார்டு செல்லும். வேலை அனுமதி அட்டையான இஏடியும் செல்லும் என்பதால் ஓபிடியில் (படிப்பை ஒட்டிய தற்காலிக வேலை அனுமதி) இருக்கும் மாணவர்களுக்குக் கவலை குறைவு. மாநில லைசென்ஸ் என்றால் மேல் பக்கத்தில் ரியல் ஐடிக்கு அடையாளமான நட்சத்திரம் இருக்கிறதா என்று பாருங்கள். சின்னப் பிள்ளைகளிடம் டிஎஸ்ஏ எதுவும் கேட்காது. ஆனால் மடியில் வைத்துக் கூட்டிப்போகும் கைக்குழந்தைக்கு விமான நிறுவனம் வயதுச் சான்று கேட்கலாம், பிறப்புச் சான்றிதழ் நகல் ஒன்று பையில் இருக்கட்டும். ஆதார், நம் ஊர் லைசென்ஸ், சோஷியல் செக்யூரிட்டி அட்டை, குடியேற்றத் துறை அனுப்பும் ஐ-797 ஒப்புதல் கடிதம் எல்லாம் இங்கே செல்லாது.

இனி எனக்கு நடந்தது. எச்1பி வேலை விசாவில் வந்து நான்கு மாதம். பாஸ்போர்ட் காலாவதியாக இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது, புதுப்பிக்க அனுப்பிவிட்டேன். அதே வாரம் ஓட்டுநர் தேர்வில் தேறினேன். கவுன்டரில் படம் எடுத்து, ஒரு தாளை அச்சடித்துக் கொடுத்து, "கார்டு தபாலில் வரும்" என்றார்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு கார் ஓட்டலாம். அதனால் விமானத்துக்கும் போதும் என்று நினைத்துவிட்டேன்.

போன தீபாவளிக்கு அக்கா வீட்டுக்குக் கிளம்பினேன். அவளைப் பார்த்து மூன்று வருடம் ஆகியிருந்தது. வரிசையில் என் முறை வந்ததும் நான்காக மடித்த தாளை நீட்டினேன். அங்கே இருந்த டிஎஸ்ஏ அம்மா அதைப் பிரித்து, விளக்கு வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்துவிட்டு, இயந்திரத்தில் வைக்காமலேயே திருப்பிக் கொடுத்தார். "இது தற்காலிகம். அட்டை இருக்கிறதா?" போனில் இருந்த பாஸ்போர்ட் படத்தைக் காட்டினேன். தலையை ஆட்டிவிட்டார். தாளின் அடியில் பொடி எழுத்தில் 'அடையாளத்துக்குச் செல்லாது' என்று இருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

நம் ஊரில் போனில் இருக்கும் ஆதாரைக் காட்டியே விமான நிலையத்துக்குள் போய்ப் பழகியவர்கள் நாம். ஜெராக்ஸ், பிரிண்ட் அவுட் என்று ஏதாவது ஒன்று கைகொடுத்துவிடும். இங்கே அந்தப் பழக்கம்தான் காலை வாரிவிட்டது. ஓரமாக நிறுத்தி, பெயர், முகவரி என்று கேட்டு ஆளை உறுதிப்படுத்தப் பார்த்தார்கள். பல வருடம் இங்கே இருப்பவர்களுக்கு அந்த வழி உதவலாம். வந்து நான்கு மாதமான என்னைப் பற்றி எந்தப் பதிவேட்டில் என்ன இருக்கும்? விமானம் போய்விட்டது, டிக்கெட் பணமும் போய்விட்டது. அக்கா அங்கே அதிரசத்துக்கு மாவு பிசைந்து வைத்திருந்தாள்.

இப்போது அந்தச் சரிபார்ப்புக்கும் காசு. 2026 பிப்ரவரி 1 முதல் கன்ஃபர்ம் ஐடி என்று 45 டாலர் வாங்குகிறார்கள். கட்டினாலும் உள்ளே விடுவார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

ஆகவே பாஸ்போர்ட்டும் லைசென்ஸும் ஒரே நேரத்தில் கையை விட்டுப் போகக் கூடாது. லைசென்ஸ் அட்டை வீட்டுக்கு வந்து, நட்சத்திரத்தைக் கண்ணால் பார்த்த பிறகு பாஸ்போர்ட்டை அனுப்புங்கள். அவசரமாக அனுப்பியே தீர வேண்டும் என்றால், அது திரும்பி வரும்வரை எந்தப் பயணத்துக்கும் டிக்கெட் போடாதீர்கள். எச்1பி-காரர்களின் லைசென்ஸ் பெரும்பாலும் தங்கும் அனுமதி முடியும் தேதியோடு முடிந்துவிடும். ஒவ்வொரு நீட்டிப்புக்கும் மறுபடி தாள், மறுபடி காத்திருப்பு. வந்து ஐந்து வருடமான நண்பர் ஒருவரும் இதே குழியில் விழுந்தார்.

அப்புறம் பெயர். நம் இனிஷியலை இந்த ஊருக்குப் புரியவைக்க முடியாது. எந்த அட்டையைக் காட்டப் போகிறீர்களோ அதில் இருப்பதுபோலவே டிக்கெட்டில் போடுங்கள். பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலியாக இருந்தால், விசாவில் நம் பெயர் முழுவதையும் சர்நேமுக்குத் தள்ளிவிட்டு, முதல் பெயர் இடத்தில் எஃப்என்யு என்று போட்டுவிடுவார்கள். 'முதல் பெயர் தெரியவில்லை' என்று அதற்கு அர்த்தம். அப்பா ஆசையாக வைத்த பெயர் எனக்கு இருக்கிறது, ஆனால் என் லைசென்ஸிலும் அதே எஃப்என்யுதான் ஏறியிருக்கிறது. மனசு கசந்தாலும் லைசென்ஸைக் காட்டிப் போகும்போது டிக்கெட்டிலும் அப்படியே போட்டுவிடுகிறேன்.

நாட்டுக்குள் வந்ததற்கான பதிவான ஐ-94-ஐ அச்சடித்துப் பாஸ்போர்ட்டுக்குள் வையுங்கள். அது விமானத்துக்கான அட்டை இல்லை. ஆனால் 18 வயது ஆன வெளிநாட்டவர் தங்கள் பதிவுச் சான்றை (நமக்கு இந்த ஐ-94தான்) எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்று இங்கே சட்டமே இருக்கிறது.