கத்திரி வெயிலில் குட்டி விமானம்: பயிற்சி மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராயபுரம், பெரம்பூர், திருவொற்றியூர் பக்கமிருந்து பைலட் பயிற்சிக்குப் போகிற பிள்ளைகள் பலருக்கு ஒரு நினைப்பு உண்டு. நம்மூர் கடல் மட்டத்தில் இருக்கிறது, டென்சிட்டி ஆல்டிட்யூட் (காற்றின் அடர்த்தியை வைத்து விமானம் உணரும் உயரம்) பற்றிய கவலையெல்லாம் மேட்டு நிலமான ஓசூர், பெங்களூரு ஜக்கூர் பக்கம் போனால் பார்த்துக்கொள்ளலாம் என்று. முதல் தவறு இதுதான்.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். மே மாத மதியம், எண்ணூரில் 40 டிகிரி, க்யூஎன்ஹெச் (கடல் மட்டக் காற்றழுத்தம்) 1004. வழக்கமான 1013ஐ விட 9 ஹெக்டோபாஸ்கல் குறைவு. ஒன்றுக்கு 30 அடி வீதம் பிரஷர் ஆல்டிட்யூட் (அழுத்தத்தை வைத்துக் கணக்கிடும் உயரம்) 270 அடி. கடல் மட்டத்துக்கான நியம வெப்பம் 15 டிகிரி. அதைவிட 25 டிகிரி கூடுதல். டிகிரிக்கு 120 அடி வீதம் 3,000. மொத்தம் 3,270 அடி. ஓசூர் தளத்தின் உயரமே சுமார் 3,000 அடிதான்! வீட்டு வாசலில் நிற்கும்போதே இறக்கைக்கு ஓசூர் காற்றுதான் கிடைக்கிறது.

ஜக்கூரும் ஏறக்குறைய அதே 3,000 அடி உயரம். அங்கே ஏப்ரலில் 34 டிகிரி என்றால், அந்த உயரத்துக்கான நியம வெப்பம் 9 என்பதால் மறுபடியும் 25 டிகிரி வித்தியாசம். விமானம் உணரும் உயரம் சுமார் 6,000 அடி. டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ 3 சதவீத சக்தியை இழக்கும். 180 குதிரைசக்தி செஸ்னா 172எஸ் அங்கே 150ஐக்கூடத் தொடாது. புரொப்பெல்லரும் இறக்கையும் அதே மெல்லிய காற்றில்தான் வேலை செய்கின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பலர் விட்டுவிடுகிற இன்னொன்று, புழுக்கம். விமானக் கையேட்டு அட்டவணைகளில் ஈரப்பதத்துக்கு இடமே இல்லை. நம்மூர் மே மாதப் புழுக்கம் டென்சிட்டி ஆல்டிட்யூடில் இன்னும் 400, 500 அடி வரை கூட்டும். கடற்காற்று வந்ததும் வெப்பமானி 40லிருந்து 35க்கு இறங்கும். உடம்புக்கு அப்பாடா என்றிருக்கும். ஆனால் ஈரம் ஏறிவிடுவதால் அந்த 5 டிகிரி லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

அந்தக் கடற்காற்று காற்றின் திசையையும் புரட்டிப்போடும். காலையில் மேற்கிலிருந்து அனல் அடிக்கும்போது எண்ணூர் பக்கத்து வடசென்னை அனல்மின் நிலையப் புகை கடல் பக்கம் சாயும். கடற்காற்று உள்ளே நுழைந்தால் சில நிமிடங்களில் அதே புகை ஊர்ப்பக்கம் திரும்பும். கடலோரத் தளத்தில் பறக்கும்போது இது நடந்தால், எதிர்காற்றாக இருந்தது பின்காற்றாகிவிடும். 172எஸ் கையேட்டைப் பாருங்கள்: எதிர்காற்று 9 நாட்டுக்குத்தான் (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) டேக்ஆஃப் தூரம் 10 சதவீதம் குறையும், பின்காற்றோ 2 நாட்டுக்கே 10 சதவீதம் கூட்டும். “நாலு நாட்தானே” என்று விட்டால் ஓடுதூரம் 20 சதவீதம் போச்சு. ஓடுபாதையில் திரும்பி நின்றபின் விண்ட் சாக்கை (காற்றின் திசை காட்டும் துணிக்குழாயை) இன்னொரு தடவை பார்க்காமல் எஞ்சின் சக்தியைக் கூட்டும் த்ராட்டிலைத் தள்ளாதீர்கள்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது டேக்ஆஃபில் கண்ணை நம்புவது. ரொட்டேட் செய்யும் வேகம், அதாவது மூக்கைத் தூக்கி எழும்பும் வேகம், வேக மீட்டரில் எங்கும் ஒன்றேதான். 172எஸ்ஸுக்கு 55 நாட். ஆனால் 6,000 அடி டென்சிட்டி ஆல்டிட்யூடில் மீட்டர் 55 காட்டும்போது உண்மை வேகம் 60. தரை விர்ரென்று பின்னால் ஓடும். போதுமான வேகம் வந்துவிட்டது என்று கை தானாக யோக்கை (விமானத்தை ஓட்டும் கைப்பிடியை) இழுக்கும். மீட்டர் 48தான் காட்டினாலும் விமானம் எழும்பிவிடும், ஏனென்றால் தரைக்கு மேல் ஓர் இறக்கை நீளத்துக்குள், அதாவது சுமார் 36 அடிக்குள், கிரவுண்ட் எஃபெக்ட் தூக்கிப் பிடிக்கிறது. அதைத் தாண்ட முயன்றால் ஏறாது. மரங்கள் நெருங்கும், இன்னும் இழுப்பார்கள், இறக்கை தாங்கும் சக்தியை இழக்கப்போவதை எச்சரிக்கும் ஸ்டால் ஹாரன் கத்தும். அந்த நேரத்தில் மூக்கைத் தாழ்த்த மனம் வராது. ஆனாலும் செய்ய வேண்டியது அதைத்தான். தரையை ஒட்டியே மட்டமாக வைத்து, ஏறும் வேகம் வந்தபிறகே ஏற வேண்டும்.

இந்த நிலைக்கே போகாமலிருக்க ஒரு வழி: ஓடுபாதையின் பாதியில் ஓர் அடையாளத்தை முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். அங்கே ரொட்டேட் வேகத்தில் 70 சதவீதம், 172எஸ்ஸில் 39 நாட், வரவில்லையென்றால் த்ராட்டிலை மூடி பிரேக் போடுங்கள். மறுயோசனை வேண்டாம். தரையிறங்கும்போதும் இதே கண்மயக்கம் உண்டு. தரை வேகமாக ஓடுகிறதே என்று வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, 20 அடி உயரத்தில் தொப்பென்று விழுவார்கள்.

மிக்ஸ்சரை (பெட்ரோல்-காற்றுக் கலவையை மாற்றும் பிடியை) எப்போதும் முழுசாகத் தள்ளியே வைப்பது கடல் மட்டப் பழக்கம். மெல்லிய காற்றில் அது எஞ்சினுக்கு அதிகப்படியான பெட்ரோல். எஞ்சின் உதறும், சக்தி குறையும். 3,000 அடிக்கு மேற்பட்ட தளங்களில், முழு த்ராட்டிலில் நிறுத்திவைத்து அதிகபட்ச ஆர்பிஎம் கிடைக்கும்வரை மிக்ஸ்சரை இழுக்கச் சொல்கிறது 172எஸ் கையேடு. உங்கள் விமானத்தின் கையேடு சொல்வதையே பின்பற்றுங்கள்.

எடையைப் பற்றி ஒரே ஒரு கணக்கு போதும். ஆவ்கேஸ் (விமான பெட்ரோல்) லிட்டருக்கு 0.72 கிலோ. 172எஸ்ஸில் பயன்படும் எரிபொருள் சுமார் 200 லிட்டர், அதாவது 144 கிலோ. தளத்தைச் சுற்றியே பறக்கும் ஒரு மணி நேர சர்க்யூட்டுக்கு முழு டேங்க் எதற்கு? ரிசர்வைக் கணக்கில் வைத்து, மிச்சத்தைத் தரையிலேயே விட்டுவிட்டால் ஓர் ஆளின் எடை குறையும்.

காற்று குத்திக் குத்தி அடிக்கும் நாளில் அப்ரோச் வேகத்தை (தரையிறங்க நெருங்கும் வேகத்தை) கூட்டுவது சரி, ஆனால் கண்டபடி கூட்டக்கூடாது. காற்று 12 நாட், கஸ்ட் (திடீர் வீச்சு) 22 என்றால் வித்தியாசம் 10, அதில் பாதி 5. அவ்வளவுதான். பயத்தில் 10 சேர்த்து 60க்கு 70இல் வந்தால் சக்கரத்தில் அடக்க வேண்டிய ஆற்றல் 36 சதவீதம் கூடும். விமானம் மிதந்துகொண்டே போய் பாதையை விழுங்கும். ஓடுபாதை நீளம் போதுமென்றால் ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் தட்டு) குறைவாக வையுங்கள். தரை தொட்டதும் ஐலரானை (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் தட்டை) தளர்த்துவது இன்னொரு பழக்கதோஷம். வேகம் குறையக் குறைய அதைக் காற்று வரும் பக்கமே இன்னும் திருப்பிக்கொண்டு போக வேண்டும். கையேட்டில் கிராஸ்விண்ட் (பக்கவாட்டுக் காற்று) 15 நாட் என்று போட்டிருப்பது சோதனை பைலட் செய்துகாட்டிய அளவு. மாணவரின் அளவைப் பயிற்றுநர் சொல்வார், அதில் கஸ்டையும் முழுசாகச் சேர்க்க வேண்டும்.

மதிய வெப்பக்காற்றுக் குலுக்கலில் பலர் மறப்பது வீஏ வேகம், அதாவது விமானத்தின் சட்டகம் தாங்கும் அளவுக்குள் இருக்கக் குலுக்கலில் தாண்டக்கூடாத வேகம். எடை குறைந்தால் அதுவும் குறையும், கூடாது. 172எஸ்ஸில் 2,550 பவுண்டில் 105 நாட், 2,200இல் 98, 1,900இல் 90. பயிற்றுநரோடு பறந்த அதே வேகத்தில் தனியாக, லேசான விமானத்தில் குலுக்கலுக்குள் போவது தவறு.

கோ-அரவுண்ட் (தரையிறங்காமல் மறுபடி ஏறிவிடும்) முடிவைத் தள்ளிப்போடுவதும் வெயிலில் கட்டுப்படியாகாது. முழு ஃபிளாப்போடு 6,000 அடி காற்றில் விமானம் ஏற மறுக்கும். முழு த்ராட்டில் கொடுத்ததும் ஃபிளாப்பை உடனே 20க்கு ஏற்றுங்கள், தடைகளைத் தாண்டும்வரை 10, அப்புறம்தான் முழுசாக. செஸ்னா 152, பழைய 172 போன்ற கார்புரேட்டர் வண்டிகளில் கார்ப் ஹீட் (கார்புரேட்டருக்குச் சூடான காற்று விடும் பிடி) திறந்தே கிடக்கும். அதை மூடாவிட்டால் இருக்கிற சக்தியிலும் கொஞ்சம் போகும். மிக்ஸ்சரை அந்தத் தளத்தின் உயரத்துக்கு ஏற்றபடி இறங்குவதற்கு முன்பே வைத்துவிடுங்கள். தரைக்கு 50 அடி மேலே அதைத் தேடிக்கொண்டிருக்க நேரம் கிடைக்காது.