மாஸ்க் சண்டையில பலபேர் பண்ற தப்புகள்

மாஸ்க் வேலை செய்யுமா செய்யாதான்னு பேச்ச எடுத்தா போதும், ஆளுக்கு ஒரு ஆராய்ச்சிய தூக்கிட்டு வந்துடுவாங்க, ஆனா கவனிச்சு பாத்தா ரெண்டு பேரும் வேற வேற கேள்விக்கு பதில் சொல்லிட்டு இருப்பாங்க. மாஸ்க் கிருமிய புடிக்குமான்றது ஒரு கேள்வி. ஊருக்கே மாஸ்க் போடுங்கன்னு சொன்னா நோய் குறையுமான்றது இன்னொண்ணு. இத ரெண்டையும் ஒண்ணா போட்டு குழப்பறதுதான் பெரிய தப்பு.

2023 ஜனவரில வந்த காக்ரேன் (மருத்துவ ஆய்வுகள ஒண்ணா சேத்து அலசற ஒரு அமைப்பு) அறிக்கைய எடுத்துக்கோங்க. மாஸ்க் வேஸ்ட்னு ப்ரூவ் ஆயிடுச்சுன்னு அத வச்சு குதிச்சாங்க, ஆனா அதுல இருந்த பல ஆய்வுல மாஸ்க் கொடுத்தும் நிறைய பேர் ஒழுங்கா போடவே இல்ல. கடைசில மார்ச் மாசம் காக்ரேன் தலைமை எடிட்டரே வந்து, அப்படி அர்த்தம் பண்ணாதீங்க, முடிவு தெளிவா இல்லன்னுதான் அர்த்தம்னு சொல்ல வேண்டியதா போச்சு. மாஸ்க் பக்கம் நிக்கிறவங்களும் சளைச்சவங்க இல்ல. பங்களாதேஷ்ல 600 கிராமத்துல நடந்த ஆய்வுல சர்ஜிக்கல் மாஸ்க் கொடுத்த ஊர்கள்ல அறிகுறியோட வந்த கொரோனா 11 சதவீதம் குறைஞ்சதுன்னு சொல்வாங்க, சரிதான், ஆனா அந்த ஆய்வுல மாஸ்க் போட்டவங்க 13 சதவீதத்துல இருந்து 42 வரைக்கும்தான் ஏறினாங்கன்றத விட்டுடுவாங்க. அதாவது பாதிக்கு மேல போடவே இல்ல, அப்புறம் எப்படி அந்த 11 ஒரு மாஸ்க்கோட பவரா ஆகும்?

அடுத்தது சல்லடை கணக்கு. வைரஸ் 0.1 மைக்ரான், ஓட்டை அத விட பெருசு, அப்போ உள்ள போயிடும்லன்னு கேப்பாங்க. மாஸ்க் சல்லடை இல்லங்க. ரொம்ப சின்ன துகள் நேரா போகாது, தள்ளாடி தள்ளாடி போய் நார்ல இடிச்சு ஒட்டிக்கும், பெருசு வளைய முடியாம இடிக்கும், ரெண்டுக்கும் நடுவுல இருக்கற 0.3 மைக்ரான் பக்கம்தான் புடிக்க கஷ்டம், அதனாலதான் என்95க்கு அந்த சைஸ்லயே டெஸ்ட் வச்சு 95 சதவீதமாவது புடிக்கணும்னு கேக்கறாங்க. துகள இழுத்து புடிக்க நார்ல மின்சார சார்ஜ் வேற ஏத்தியிருக்கும், சோப்பு போட்டா அது போயிடும். இது தெரியாம நானே ஒரு என்95அ சோப்பு போட்டு அலசி காய வச்சு ஒரு வாரம் போட்டிருக்கேன், பாக்க புதுசு மாதிரிதான் இருந்துச்சு, சார்ஜ் போயிருக்கும்.

கண்ணாடி போடறவங்களுக்கு ஒரு வசதி, மாஸ்க்கோட மேல் ஓரத்துல இடைவெளி இருந்தா மூச்சு விட்டதும் லென்ஸ்ல ஆவி படிஞ்சு காட்டி கொடுத்துடும். மூக்கு கம்பிய ஒரு கையால கிள்ளி விடாம ரெண்டு விரல் வச்சு ரெண்டு பக்கமும் அமுக்குங்க. தாடி அடர்த்தியா இருந்தா என்95 போட்டும் ஓரத்துல காத்து புகுந்துடும்.

வால்வு வச்ச மாஸ்க் இன்னொரு கூத்து. உள்ள இழுக்கற காத்த அது வடிகட்டும், வெளிய விடறதுல ஒரு பங்கு அந்த வால்வு வழியா வடிகட்டாம போயிடும், அதனால போட்டிருக்கவருக்கு நல்லதுதான், ஆனா இருமிட்டே அத போட்டுட்டு வர்றவர் பக்கத்துல உக்காந்தா மாட்டிக்கறது நீங்கதான்.