கற்சிலுவையின் தண்டைப் பாருங்கள்

பிரான்சின் பிரெத்தாஞ் பகுதிக்குப் போகிறவர்கள் சாலையோரக் கற்சிலுவையின் உச்சியை மட்டும் படமெடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். முதலில் தண்டைப் பாருங்கள். கொப்புளம்போல் புடைப்புகள் இருந்தால் அதைக் கொள்ளைநோய்ச் சிலுவை என்பார்கள். நோயாளிகளின் உடம்பில் கட்டிய நெறிகளை அவை நினைவூட்டுகின்றன என்பது ஊர் வழக்கு. 1598-இல் கொள்ளைநோய் தாக்கிய புளுகாஸ்தெல் தவுலா என்ற ஊரில், 1602 முதல் 1604 வரை எழுப்பிய பெரிய சிலுவைச் சிற்பத்தொகுதியிலும் அந்தப் புடைப்புகள் உண்டு.

மாலையில் போங்கள். உச்சிவெயிலில் தட்டையாகத் தெரியும் கல்முகங்களில் சாய்ந்த ஒளி பட்டால் கண்ணிமைகூடத் துலங்கும்.

இறுதி ஊர்வலங்கள் நின்று செபித்துப் போன இடங்கள் இந்தச் சிலுவையடிகள். படம் தெளிவாக வேண்டும் என்று கல்லில் படர்ந்த பாசியைத் தயவுசெய்து சுரண்டாதீர்கள். சிற்பமும் சேர்ந்து உதிரும்.